குப்பைக் கிடங்கை வகுப்புக்குள் கொண்டுவர: பாட்டிலா, மண்குழியா, புழுத்தொட்டியா, பேருந்துப் பயணமா?

மொரீஷியசில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களும் கோவில்களில் சனிக்கிழமைப் பள்ளி நடத்துபவர்களும் ஜனவரியில் பள்ளி திறந்ததும் கேட்கும் கேள்வி இது: "நாம் போடும் குப்பை கடைசியில் என்ன ஆகிறது என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும். எதைச் செய்வது?" தேடினால் வழிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை தோட்டத்து மண்ணில் நடப்பதைக் காட்டிவிட்டு, "குப்பைக் கிடங்கு இப்படித்தான்" என்று முடித்துவிடும். வாழைப்பழத் தோல் மறைந்துபோனதைப் பார்த்த பிள்ளை, மார் சிக்கோஸ் குப்பைக் கிடங்குக்குப் போகும் எல்லாமும் அப்படியே மண்ணாகிவிடும் என்று நினைத்துக்கொள்ளும். தவறான பாடம் அங்கேதான் ஏறுகிறது. அதனால் எது மலிவு, எது எளிது என்று பார்ப்பதற்கு முன்னால், எது உண்மையைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

## கிடங்கின் உள்ளே நடப்பது என்ன

மொரீஷியஸ் தீவுக்கு ஒரே குப்பைக் கிடங்கு மார் சிக்கோஸ். தீவின் தென்கிழக்கில், மழை அதிகம் பெய்யும் பகுதியில், 1997 முதல் இயங்குகிறது. வீட்டு வாசலில் எடுக்கப்படும் குப்பை முதலில் ரோஷ் ப்வா, சேன் மார்த்தேன், லா பிராசெரி, பூத்ர் தோர், லா லோரா ஆகிய இடைமாற்று நிலையங்களில் ஒன்றுக்குப் போய், அங்கே அமுக்கப்பட்டு, பெரிய லாரிகளில் கிடங்குக்குப் போகிறது. அந்தக் குப்பையில் எடைப்படி பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் தோட்டக் கழிவும்தான்.

அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கசிவுநீரை வடிக்கும் குழாய்கள், பிறகு அடுக்கடுக்காகக் குப்பை. கனரக இயந்திரம் ஏறி மிதித்து நசுக்குகிறது. மேலே மண் போட்டு மூடப்படுகிறது. உள்ளே சிக்கிய கொஞ்சக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ தீர்த்துவிடும். அதன்பின் ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்களின் ஆட்சி. முதலில் அமிலங்கள் உண்டாகும். மாதக்கணக்கில் கழித்து மீத்தேன் வரத் தொடங்கும். முதிர்ந்த கிடங்கு வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மார் சிக்கோஸில் 2011இல் இந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கிடங்கில் தீப்பிடித்தால் எளிதில் அணையாது. 2022 இறுதியில் அங்கே மூண்ட தீயின் புகை நினைவிருக்கும்.

ஆகவே "கிடங்கில் எல்லாம் மக்கிவிடும்" என்பதும் பொய், "கிடங்கில் எதுவுமே மக்காது" என்பதும் பொய். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே 1973இல் தொடங்கிய குப்பை ஆய்வுத் திட்டம், 1980களின் பிற்பகுதியிலிருந்து கிடங்குகளையே தோண்டிப் பார்த்தது. பல பத்தாண்டுகள் புதைந்திருந்த செய்தித்தாள்களை அப்படியே படிக்க முடிந்தது. அவற்றின் தேதியை வைத்தே அந்த அடுக்கின் வயதைக் கணக்கிட்டார்கள். மொரீஷியசின் ஈரத்திலும் வெப்பத்திலும் சோறும் காய்கறியும் அதைவிட வேகமாக அழுகும். அழுகினாலும் காற்றில்லாமல் அழுகுவதால் மீத்தேனும் கசிவுநீரும்தான் மிச்சம். செடிக்குப் போடும் உரம் கிடைப்பதில்லை. மரத்துக்கும் நாருக்கும் உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை ஆக்சிஜன் இல்லாமல் உடைக்கக்கூடிய உயிர்கள் கிட்டத்தட்ட இல்லை. மரத்துண்டும் செய்தித்தாளும் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளில் வைத்துப் பார்த்திருக்கிறோம். காற்று இல்லாத சிதைவைக் காட்டுகிறதா? ஒரு பருவத்துக்குள், அதாவது 10 முதல் 12 வாரத்துக்குள், முடியுமா? கையிலிருந்து போகும் பணமும், கணக்கில் வராத வேலையும் எவ்வளவு? புயல் எச்சரிக்கை, விடுமுறை, கொசு ஆகியவற்றைத் தாங்குமா? பிள்ளையின் கையும் மூச்சும் பத்திரமா?

முதல் கேள்விக்கு நாங்கள் கூடுதல் எடை கொடுக்கிறோம். உங்கள் நோக்கம் "குப்பையைக் குறை, உரமாக்கு" என்று சொல்வது மட்டும்தான் என்றால் அந்த எடையை இறக்கிக்கொள்ளலாம். முடிவும் அதற்கேற்ப மாறும்.

| வழி | காலம் | கைச்செலவு | கிடங்குக்கு எவ்வளவு நெருக்கம் | எங்கே சறுக்கும் |
|---|---|---|---|---|
| ஜோடி பாட்டில் | 10–12 வாரம் | மிகக் குறைவு | நெருக்கம் | ஈரம் கூடினால் இரண்டும் ஒன்றாகிவிடும் |
| மண்ணில் புதைத்துத் தோண்டல் | 8–12 வாரம் | குறைவு | தூரம் | நாய், வெள்ளம், தொலைந்த அடையாளம் |
| புழுத்தொட்டி | ஆண்டு முழுதும் | நடுத்தரம் | நேர் எதிர் | விடுமுறை, வெயில் |
| கிடங்கு அல்லது இடைமாற்று நிலையப் பயணம் | ஒரு நாள் | அதிகம் | அதுவேதான், ஆனால் வெளிப்புறம் மட்டும் | அனுமதி, பேருந்து |
| பிஸ்கட் மாதிரி | 40 நிமிடம் | குறைவு | அமைப்பு மட்டும் | சிதைவே இல்லை |
| குப்பைத் தணிக்கை | ஒரு வாரம் | இல்லை | பொருந்தாது | எடை எழுத மறப்பது |

## ஜோடி பாட்டில்

ஒன்று மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே குப்பையை இரண்டு பாட்டிலில் போட்டு, ஒன்றுக்குக் காற்று விட்டு, மற்றதை அடைத்துவிடுவது. பிள்ளைகள் ஒப்பிடும் வேறுபாடு காற்று ஒன்றுதான். வேறு எதையும் மாற்றக் கூடாது.

தேவையானவை: 1.5 லிட்டர் தெளிவான தண்ணீர் பாட்டில் இரண்டு, காய்கறித் தோட்டத்திலோ மாமரத்தடியிலோ எடுத்த மண், பாட்டிலை நிரப்பும் அளவு, பொடியாக நறுக்கிய பூசணித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், பாட்டிலுக்கு 120 கிராம், 1.5 செ.மீ. அகலமும் 8 செ.மீ. நீளமும் உள்ள துண்டுகளாக வாழையிலை, செய்தித்தாள், பருத்தித் துணி, கரும்புச் சக்கைத் தட்டு, சிப்ஸ் பாக்கெட்டின் தாள், ஒரு பலூன், கொசுவலைத் துண்டு, மின்வேலைக்காரர் சுற்றும் டேப். கடையில் விற்கும் தொட்டிமண் வேண்டாம். பலவற்றைக் கிருமி நீக்கித்தான் பையில் அடைக்கிறார்கள். மீன், இறைச்சி, எண்ணெய் எதையும் சேர்க்க வேண்டாம்.

1. மண்ணையும் காய்கறிக் கழிவையும் வாளியில் கலந்து தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது.
2. காற்றுப் பாட்டிலின் சுவரில் 3 மி.மீ. துளைகள் இருபது போடுங்கள். ஆணியைச் சூடாக்கிக் குத்துவது பெரியவர் வேலை. வாயைக் கொசுவலையால் மூடிக் கட்டுங்கள்.
3. துண்டுகளைப் பாட்டிலின் சுவரோடு ஒட்டி நிற்கும்படி, வெளியிலிருந்து தெரிய, ஒவ்வொன்றாக இறக்கிக் கலவையை நிரப்புங்கள். சாப்ஸ்டிக்கோ மெல்லிய குச்சியோ உதவும்.
4. அடைத்த பாட்டிலில் கலவையைக் குச்சியால் அமுக்கிக் கழுத்துவரை நிரப்புங்கள். மேலே எவ்வளவு இடம் விடுகிறீர்களோ அவ்வளவு ஆக்சிஜன் உள்ளே தங்கும். குளத்துச் சேற்றையோ மாட்டுச் சாணத்தையோ கரைத்த நீர் 50 மி.லி. (இரண்டு பாட்டிலிலும் அதே அளவு) ஊற்றினால் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தொடக்கத்திலேயே கிடைக்கும்.
5. அடைத்த பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். மூடியைத் திருகி வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறும்.
6. இரண்டையும் கறுப்புத் தாளால் சுற்றி நிழலில் வையுங்கள். பார்க்கும்போது மட்டும் தாளைக் கழற்றலாம்.

கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சம் பட்டால் பாட்டில் சுவரில் பச்சைப் பாசி படரும். பாசி ஆக்சிஜனை வெளியிடும். அடைத்த பாட்டிலில் காற்று இல்லை என்ற அடிப்படையே போய்விடும்.

பலூன் விஷயத்தில் கவனம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அது லேசாக உப்பும். "பாருங்கள், மீத்தேன்!" என்று சொல்லத் தோன்றும், சொல்லிவிடாதீர்கள். அது பெரும்பாலும் நொதித்தலில் வரும் கரியமில வாயு. ரப்பர் வழியாக அது கசிந்து வெளியேறுவதால் பத்து நாளில் பலூன் சுருங்கவும் கூடும். அப்போது "சோதனை கெட்டுப்போயிற்று" என்று பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் அதுவே பாடமாகும். காய்கறி அளவு கூடினால் உள்ளே புளித்துப்போய் அமிலம் ஏறி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். முட்டை ஓட்டை இடித்த தூள் இரண்டு மேசைக்கரண்டியைத் தொடக்கத்திலேயே கலவையில் சேர்த்தால் அமிலம் ஓரளவு கட்டுப்படும். அப்படிச் சேர்த்தால் இரண்டு பாட்டிலிலும் சேருங்கள். சுண்ணாம்புச் சத்துக்காகக் கடற்கரை மணலை அள்ளிவர வேண்டாம். இங்கே அனுமதியில்லாமல் அதை எடுப்பது குற்றம். பலூனில் இருப்பது எதுவானாலும் தீக்குச்சி அருகே வரக் கூடாது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும்.

அடிக்கடி நடக்கும் தோல்வி வேறொன்று: காற்றுப் பாட்டிலில் தண்ணீர் அதிகமாகிவிடுவது. துளையிருந்தும் ஈரம் காற்றை அடைத்துக்கொள்ளும். அதுவும் அழுகி நாறும். எட்டு வாரம் கழித்து இரண்டு பாட்டிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கினால் துளை வழியே வடித்துவிட்டு, வாரம் ஒருமுறை பாட்டிலைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டுங்கள்.

முதல் நாளே வெளிச்சுவரில் கலவையின் உயரத்தைக் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு 1, 2, 4, 8ஆம் வாரங்களில் அளவுகோலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். கோடைச் சூட்டில், சரியாக ஓடினால், காற்றுப் பாட்டிலில் உயரம் நன்றாக இறங்கும், வாழையிலைத் துண்டு நரம்பாகும், செய்தித்தாள் தொட்டால் பிய்யும். அடைத்ததில் இலை கறுத்துக் குழைந்தாலும் உருவம் நிற்கும், செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடியும், அடியில் கரும்பழுப்பு நீர் சேரும். மார் சிக்கோஸில் குழாய்கள் வடிப்பது இத்தகைய நீரைத்தான். சிப்ஸ் தாள் இரண்டிலும் பளபளவென்றே இருக்கும்.

கணக்கில் வராத செலவு: மூன்று மாதம் ஒரு அலமாரி மூலை, பல வகுப்புகள் மாறி மாறிப் பயன்படுத்தும் அறையானால் "யாரும் தொடாதீர்கள்" என்ற சீட்டு, திறக்கும் நாளின் நாற்றம்.

எப்போது இது சரிப்படும்: நான்காம் வகுப்புக்கு மேல், வெளியே நிலமில்லாத பள்ளி, கிடங்கைப் பற்றியே பேச வேண்டிய பாடம்.

## மண்ணில் புதைத்துத் தோண்டுவது

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது இதுதான். தோண்டுவதில் புதையல் எடுக்கும் குதூகலம் இருக்கிறது. இது காட்டுவது காற்றோட்டமுள்ள மேல்மண்ணில் நடக்கும் சிதைவை. அதாவது, குப்பையைக் கிடங்குக்கு அனுப்பாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை. அப்படிச் சொல்லியே செய்தால் அருமையான சோதனை.

தைப்பூசக் காவடிக்குப் பிறகு தொடங்குவது இங்கே நன்றாகப் பொருந்தும். ஏழு கறிச் சாப்பாட்டின் வாழையிலை கைவசம் இருக்கும், மண் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும், ஏப்ரலில் பருவம் முடிய வாரங்கள் மிச்சமிருக்கும். சில பந்திகளில் வாழையிலைக்குப் பதில் கரும்புச் சக்கைத் தட்டு வந்திருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2021 ஜனவரியில் தடை வந்தபின் கடைகளிலும் அதுதான். எனவே இலை, சக்கைத் தட்டு, டால் பூரி சுற்றித் தரும் தாள், பால் அட்டைப்பெட்டி, நெகிழிப் படலம் என்று வரிசையாகப் புதைத்தால், பிள்ளைகள் தினமும் கையில் பிடிக்கும் பொருள்களையே ஒப்பிடலாம்.

நைலான் கொசுவலையை 15 செ.மீ. சதுரப் பைகளாகத் தைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு பை. ஒவ்வொரு தோண்டலிலும் ஒன்றை எடுத்தால் திரும்பப் புதைக்க வேண்டியதில்லை. பொருளை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, எடைபோட்டு, பையில் போட்டு, 15 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். பேனாவால் எழுதிய அட்டை நிற்காது. பானக் கேனின் அலுமினியத்தைப் பட்டையாக வெட்டி, ஆணியால் எண் கீறி, நைலான் நூலால் பையோடு கட்டுங்கள். வெட்டிய விளிம்பை மடித்துத் தட்டிவிடுங்கள். குழியின்மேல் கோழிவலையை விரித்து நான்கு கல் வைத்தால் தெருநாய் கிளறாது. 2, 4, 8, 12ஆம் வாரங்களில் தோண்டலாம்.

எடைதான் ஏமாற்றும். தோண்டி எடுத்ததை அப்படியே தராசில் வைத்தால், மண்ணும் ஈரமும் சேர்ந்து, மக்கிய இலை முன்பைவிடக் கனமாக இருக்கும். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டி, அதே இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே எடை போட வேண்டும். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். ஆனால் ஒரு பையில் 20 கிராமுக்குக் குறையாமல் பொருள் இருக்கட்டும். இல்லாவிட்டால் தராசின் பிழையே முடிவாகிவிடும்.

பால் அட்டைப்பெட்டியை மட்டும் கடைசி வாரத்தில் எல்லோரும் சுற்றி நின்று பாருங்கள். அட்டை கரைந்து, அதன் இரு பக்கமும் ஒட்டியிருந்த மெல்லிய நெகிழிப் படலம் தனியாக, பெட்டியின் மடிப்புகளோடு, கையில் வரும். "இது காகிதம்தானே" என்று முதல் நாளில் எழுதிய பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பீடபூமியிலுள்ள கியூர்பிப், வாக்குவா பக்கம் குளிர்காலத்தில் செய்தால் எல்லாம் மந்தமாகும். கடலோரப் போர்ட் லூயியில் நான்கு வாரத்தில் வருவது அங்கே வர இன்னும் பல வாரம் பிடிக்கும். இரண்டு ஊரிலும் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தால் ஒரே நாளில் ஒரே பொருள்களைப் புதைத்து முடிவுகளைப் பரிமாறிக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு வெப்பத்தின் பங்கைக் காட்ட அதைவிட மலிவான வழி இல்லை. பீடபூமிக் களிமண்ணில் மழைநீர் நின்றால் குழியிலும் காற்று போய்விடும். மேடான இடமாகப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்: பள்ளி வளாகத்தில் தோண்ட அனுமதியும், குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகிறது என்ற விசாரிப்பும், கையுறை, மூடிய காலணி (எலி நடமாடும் ஈரமண்ணில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில் காயமுள்ள பிள்ளை தோண்ட வேண்டாம்), புயல் எச்சரிக்கையில் பள்ளி மூடினால் தள்ளிப்போகும் தோண்டல். தேதி தள்ளினால் கெட்டுப்போகாது. உண்மையான தேதியை எழுதினால் போதும்.

## புழுத்தொட்டி

இது கிடங்குப் பாடம் ஆகாது. கிடங்குக்கு மாற்று என்ன என்ற பாடம். குப்பையில் பாதிக்கு மேல் உரமாகக்கூடியது என்ற செய்தியோடு சேர்ந்தால் வலுவானது. சின்னப் பிள்ளைகளுக்கு, உயிருள்ள ஒன்றைக் கவனித்துக்கொள்வதே பாதி கல்வி.

20 லிட்டர் வாளி, அடியிலும் பக்கத்திலும் 5 மி.மீ. துளைகள், கிழித்து நனைத்த செய்தித்தாள் படுக்கை பாதி உயரத்துக்கு, இரண்டு பிடி தோட்ட மண், 250 கிராம் சிவப்புப் புழு. தோட்டத்தில் ஆழமாகத் துளையிடும் மண்புழு வாளியில் நிலைக்காது. சாணக் குவியலிலும் உரக் குவியலிலும் மேலாக வாழும் சிவப்பு இனம்தான் வேண்டும். முதல் மாதம் நாளுக்கு 50 கிராம் கழிவு போதும், பிறகு 100 கிராம்வரை ஏற்றலாம். எலுமிச்சை, மிளகாய், எண்ணெய், சோறு வேண்டாம். பிள்ளைகள் அன்பு மிகுதியில் அள்ளிப் போடுவதால்தான் தொட்டி சாகிறது. போட்டது தின்று முடியாமல் மேலே புளித்துக் கிடந்தால், உணவை நிறுத்திக் காகிதத்தைக் கூட்டுங்கள்.

30 பாகைக்கு மேல் புழு தவிக்கும். தாழ்நிலத்துக் கோடையில் தகரக் கூரை வராந்தா ஒரே பிற்பகலில் தொட்டியைத் தீர்த்துவிடும். அடியில் வடியும் நீரைத் தட்டில் தேங்கவிட்டால் கொசு முட்டையிடும். டெங்கு வந்து போகும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. நாளும் கொட்டிவிடுங்கள். இரண்டு வார விடுமுறைக்கு ஈரக் காகிதமும் பூசணித் துண்டும் போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு மேல் நீண்டால் யார் வீட்டுக்குத் தொட்டி போகும் என்று தொடக்கத்திலேயே பெயர் குறித்துவையுங்கள். அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்றால் இந்த வழியைத் தொட வேண்டாம்.

## கிடங்குக்கோ இடைமாற்று நிலையத்துக்கோ பயணம்

அளவைக் காட்ட இதற்கு இணை கிடையாது. மலையாகக் குவிந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு எண்கள் பிறகு விளங்கும். ஆனால் சிதைவை அங்கே பார்க்க முடியாது. அது மண்ணுக்குக் கீழே, பல ஆண்டுகளில் நடப்பது. தெரிவது எடைமேடை, லாரி வரிசை, இயந்திரம், வாயுக் கிணற்றின் குழாய், வாடை. அதனால் இதை முதல் பாடமாக வைப்பது வீண். பாட்டில் சோதனை எட்டு வாரம் ஓடியபின் போனால், வெளியே தெரியும் குழாயைப் பார்த்து "இது பலூன்" என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

கைச்செலவு பேருந்து வாடகை. அதைவிடப் பெரிய செலவு நடைமுறை: பள்ளித் தரப்பு அனுமதி, கிடங்குத் தரப்பு அனுமதி, பெற்றோர் கையெழுத்து, காப்பீடு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு. இரண்டு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள். மே முதல் அக்டோபர்வரை உள்ள வறண்ட மாதங்களைக் கேளுங்கள். இறங்க விடுவார்களா, பேருந்துக்குள்ளிருந்தே பார்க்க வேண்டுமா என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு அருகிலுள்ள இடைமாற்று நிலையம் பல நேரங்களில் கிடங்கைவிட நல்ல தேர்வு. பயணம் குறைவு, தங்கள் தெருக் குப்பை லாரியையே அங்கே பார்க்கும் வாய்ப்பும் உண்டு.

## பிஸ்கட் மாதிரியும் குப்பைத் தணிக்கையும்

கண்ணாடி டம்ளரில் ஜெல்லி, பிஸ்கட் தூள், மிட்டாய் என்று அடுக்கிக் கிடங்கின் விரிப்பு, குழாய், மூடுமண் ஆகியவற்றைக் காட்டும் வழி ஒன்று உண்டு. ஒரே வகுப்பில் முடியும்; மேலே சாயத் தண்ணீர் ஊற்றி, கிழிந்த விரிப்பு வழியே கசிவதைக் காட்டலாம். அமைப்பைப் புரியவைக்க நல்லது. மக்குதலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை போதுமானது.

தணிக்கை இன்னும் எளிது. வகுப்புக் குப்பைத்தொட்டியை ஐந்து நாள், நாள்தோறும், உணவு, காகிதம், பாட்டில், நெகிழிப் படலம், மற்றவை என்று பிரித்து எடைபோட்டு எழுதுவது. கையுறை கட்டாயம். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை முதல் வாரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் என்ன போடுவது என்ற பட்டியல் இதிலிருந்தே வந்துவிடும்.

சுவரில் ஒட்டும் "பிளாஸ்டிக் பாட்டில் 450 ஆண்டு" வகை அட்டவணையை மட்டும் பாடமாக்க வேண்டாம். அந்த நெகிழி உலகத்துக்கு வந்து நூறாண்டுகூட ஆகவில்லை. யாரும் 450 ஆண்டு காத்திருந்து பார்த்ததில்லை. அவை ஊகக் கணக்குகள். வெயில், ஈரம், காற்று எதையும் சொல்லாமல் ஒற்றை எண்ணைத் தருபவை. காற்றுப் பாட்டிலிலும் அடைத்த பாட்டிலிலும் ஒரே செய்தித்தாள் இரண்டு விதமாக நடந்துகொள்வதைப் பார்த்த பிள்ளைகள் அந்த அட்டவணையை அவர்களாகவே சந்தேகிப்பார்கள்.

## உங்கள் நிலைமைக்கு எது

வாரம் ஒரு மணி நேரம் மட்டும் கூடும் கோவில் வகுப்பென்றால் ஜோடி பாட்டில். மண்குழிக்கு இடையில் யாராவது பார்க்க வேண்டும், புழுவுக்கு உணவு போட வேண்டும். பாட்டில் ஒரு வாரம் தனியே நிற்கும். நிலமுள்ள அரசுப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு, அறிவியல் ஆசிரியரும் கைகொடுப்பார் என்றால் பாட்டிலையும் மண்குழியையும் ஒரே நாளில், ஒரே பொருள்களோடு தொடங்குங்கள். காற்று இல்லாதது, கொஞ்சம் உள்ளது, தாராளமாக உள்ளது என்று மூன்று நிலை கிடைக்கும். ஆறாம் வகுப்பில் தேர்வு நெருக்குவதால் நீண்ட சோதனையை அங்கே வைக்காதீர்கள். அவர்களுக்குத் தணிக்கையும் ஒரு பயணமும் போதும். மூன்றாம் வகுப்புக்குக் கீழே பிஸ்கட் மாதிரி. விடுமுறையிலும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் புழுத்தொட்டி.

"மக்கும்" என்று அச்சிட்ட தெளிவான கோப்பைகளைச் சேர்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. சேருங்கள், ஆனால் முடிவை எதிர்பார்த்தே சேருங்கள். மாவுச்சத்திலிருந்து செய்யும் அந்த நெகிழி உருக்குலைய 60 பாகையை ஒட்டிய சூடு உள்ள தொழில்முறை உரக் குவியல் வேண்டும். உங்கள் பாட்டிலிலும் குழியிலும் 12 வாரம் கழித்தும் புதிது போலவே வரும்.

பாட்டிலைப் பிரிக்கும் நாளில் மரநிழலில், காற்று பிள்ளைகளை விட்டு விலகி வீசும்படி நின்று, முதலில் பலூன் டேப்பைப் பெரியவர் ஒருவர் மெல்லக் கழற்ற வேண்டும். பத்து நிமிடம் திறந்து வைத்து, பிறகு பாட்டிலைக் கத்தரியால் வெட்டித் தட்டில் கொட்டுங்கள். பூஞ்சை தூளாகப் பறக்காமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பிள்ளைகள் முகக்கவசம் போட்டுக் குச்சியால் துண்டுகளைத் தேடட்டும். மோந்து பார்க்க ஆசைப்படுவார்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோகாமல் கையால் விசிறிப் பார்க்கச் சொல்லுங்கள். நெகிழியைப் பொறுக்கி எடுத்தபின் அடைத்த பாட்டிலின் கறுத்த கலவையை உலர்ந்த இலையோடு கலந்து இரண்டு மாதம் உரக்குழியில் விடுங்கள். புளித்த நிலையில் நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். காற்றுப் பாட்டிலில் இருந்ததை அன்றே செடியடியில் போடலாம்.